எழுதும் மாணவர், தொடரும் வாசகர்: தமிழ்ப் பள்ளிக் கல்வியில் வலைப்பதிவும் செய்தியோடையும் – செஞ்சியை முன்வைத்து ஓர் ஆய்வு

1. முன்னுரை

2025 ஜூலை மாதம் பாரிசில் நடந்த 47ஆவது கூட்டத்தில், யுனெஸ்கோவின் உலக மரபுரிமைக் குழு இந்தியாவின் மராட்டியப் படைத்தளங்களை மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அத்தொகுப்பில் உள்ள 12 கோட்டைகளில் பதினொன்று மகாராட்டிரத்தில் இருக்கின்றன. எஞ்சிய ஒன்று விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சி. மராட்டிய வரலாற்றில் செஞ்சி, சத்ரபதி இராசாராம் முகலாயப் படையிடமிருந்து தப்பி வந்து ஆட்சி நடத்திய தலைநகரம். தமிழ்நாட்டு மக்களின் நினைவில் அது தேசிங்கு ராஜனின் கோட்டை. ஆனந்தக் கோனின் வழிவந்தோர், நாயக்கர், பீசப்பூர் சுல்தான், ஆர்க்காட்டு நவாபு, பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஒவ்வொருவருக்கும் இந்த மலைகளின்மீது ஒரு வரலாறு உண்டு. இச்செய்தி வெளிவந்த நாள்களில் தமிழ், மராத்தி, ஆங்கில ஊடகங்கள் செஞ்சியைப் பற்றி எழுதிக் குவித்தன.

செஞ்சியில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு மாணவி தன் ஊரைப் பற்றி வெளியாகும் இச்செய்திகளை எப்படித் தொடர்வாள்? எதை நம்புவாள், எதை ஐயுறுவாள்? தான் கண்டதையும் கேட்டதையும் எங்கே எழுதுவாள், அதை யார் படிப்பார்? இக்கேள்விகளுக்கு விடை தரக்கூடிய இரு கருவிகள் 2000க்குப் பிந்தைய முதல் பத்தாண்டில் உலகின் பல வகுப்பறைகளுக்குள் நுழைந்தன. ஒன்று வலைப்பதிவு, மற்றொன்று செய்தியோடைப் படிப்பான். முதலாவது எழுதக் கற்பிப்பது, இரண்டாவது தொடர்ந்து வாசிக்கக் கற்பிப்பது.

இவ்விரு கருவிகளும் தமிழ்க் கல்விச் சூழலுக்கு வந்த வழியை 1995 முதல் 2025 வரை இக்கட்டுரை ஆராய்கிறது. தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குள் வலைப்பதிவு வந்தது. ஆனால் அரசாணையும் வினாத்தாளும் கொண்டுசேர்க்கும் ஆசிரியர்களின் தகவல் பலகையாகவே அது நிலைபெற்றது. மாணவர் எழுதும் இடமாக அது வளரவில்லை. செய்தியோடை வகுப்பறையைத் தொடவே இல்லை என்று சொல்லும் அளவுக்கு அதன் பயன்பாடு அரிதாக இருந்தது. இதற்கு ஆசிரியரின் ஆர்வக்குறைவைக் காரணம் காட்டுவது சரியன்று. எழுத்துருக் குறியேற்றம், கணினி மாணவர் கைக்கு வந்த காலம், தேர்வு முறை ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போனதே காரணம் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். மாநிலம் முழுமைக்குமான திட்டங்கள் ஒரு வட்டத் தலைநகரின் வகுப்பறையில் என்ன பொருள் தருகின்றன என்பதைப் பார்க்கச் செஞ்சி இங்கே களமாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

2. முன்வரலாறு: வகுப்பறையில் பிறந்த எழுத்து

மாணவர் எழுத்தை வகுப்பறைக்கு வெளியே கொண்டுசெல்லும் எண்ணம் இணையத்தைவிட மிகப் பழையது. பிரான்சின் தென்பகுதியில் பார்-சூர்-லூ என்னும் சிற்றூரில் ஆசிரியராக இருந்த செலஸ்தேன் பிரெனே, 1924இல் தம் வகுப்பறைக்குள் ஒரு சிறிய அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் தாம் கண்டதை எழுதினர். வகுப்பே கூடித் திருத்தியது. எழுத்தைக் கோத்து அச்சிட்டுப் பிற ஊர்ப் பள்ளிகளுக்கு அனுப்பினர். அங்கிருந்து வந்த தாள்களை இவர்கள் படித்து மறுமொழி எழுதினர். எழுதுதல், திருத்துதல், வெளியிடுதல், பிறர் எழுதியதைத் தொடர்தல், மறுமொழி தருதல் என்னும் ஐந்து செயல்களும் இங்கே ஒரே வட்டத்தில் இணைந்தன. பின்னாளில் வலைப்பதிவும் செய்தியோடையும் சேர்ந்து செய்யக்கூடியதாக இருந்த பணி இதுவே.

தமிழ்நாட்டில் இதற்கு இணையாக இருந்தவை கையெழுத்து இதழும் சுவரிதழும் பள்ளி ஆண்டு மலரும். பல எழுத்தாளர்களின் முதல் படைப்பு வெளிவந்தது கையெழுத்து இதழில்தான். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987இல் தொடங்கிய ‘துளிர்’ சிறுவர்க்கான அறிவியலை எளிய தமிழில் மாதந்தோறும் தந்தது. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவை ஊர்ப் பொதுக்காரியமாக மாற்றியது. ஆயினும் கையெழுத்து இதழுக்கு ஒரே ஒரு படி. சுவரிதழுக்கு ஒரே ஒரு சுவர். ஆண்டு மலர் ஆண்டுக்கு ஒருமுறை வந்தது. பிற பள்ளியின் மாணவர் படித்து மறுமொழி சொல்லும் வழி இவற்றில் அமையவில்லை. பிரெனேயின் வட்டத்தில் முதல் மூன்று செயல்கள் நம்மிடம் இருந்தன; கடைசி இரண்டும் விடுபட்டுப் போயின.

3. ஓடையின் தோற்றமும் இயங்கு முறையும்

1990களின் இறுதியில் அமெரிக்காவில் நாள் குறித்து எழுதப்படும் தனிமனிதப் பக்கங்கள் பெருகின. 1999 ஆகஸ்டில் பைரா லேப்ஸ் என்னும் சிறு நிறுவனம் பிளாகர் சேவையைத் தொடங்கியது. நிரலெழுதத் தெரியாதவரும் பெட்டிக்குள் தட்டச்சு செய்து ஒரு பொத்தானை அழுத்தினால் பக்கம் வெளியாகும் வசதி அதனால் கிடைத்தது. 2003 பிப்ரவரியில் கூகுள் அதை வாங்கிக்கொண்டது. அதே ஆண்டு மே மாதம் வேர்ட்பிரஸ் வெளிவந்தது.

வலைப்பதிவுகள் பெருகியபோது அவற்றைத் தொடர்வது சிக்கலாயிற்று. அதற்கு விடையாக வந்தது செய்தியோடை. அதன் முதல் வடிவத்தை 1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் நிறுவனம் வெளியிட்டது. அதை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் படித்த இராமநாதன் வி. குகா. டேவ் வைனர் அதை எளிமைப்படுத்தி 2002இல் ஆர்எஸ்எஸ் 2.0 வடிவத்தைத் தந்தார். 2005இல் ஆட்டம் என்னும் மாற்று வடிவம் இணையத் தரமாக ஏற்கப்பட்டது.

இதன் இயங்கு முறை மிக எளிது. ஒவ்வொரு தளமும் தலைப்பு, நாள், சுருக்கம், இணைப்பு ஆகியவற்றைக் கொண்ட ஓர் எளிய கோப்பை வைத்திருக்கும். வாசகர் தமக்கு வேண்டிய தளங்களின் ஓடை முகவரியைப் படிப்பானில் ஒருமுறை பதிந்துவிட்டால் போதும். படிப்பான் அவ்வப்போது சென்று பார்த்துப் புதியதை மட்டும் கொண்டுவந்து நாள் வரிசையில் அடுக்கும். மார்க் பிளெட்சர் 2003இல் தொடங்கிய பிளாக்லைன்ஸ், 2005 அக்டோபரில் வந்த கூகுள் ரீடர் ஆகியவை இக்கருவியைப் பரவலாக்கின.

கல்வி நோக்கில் இதன் சிறப்பு ஒன்று உண்டு. எதைத் தொடர்வது என்பதை முடிவு செய்பவர் வாசகர். வாசகரின் விருப்பத்தைக் கணித்து முன்னே தள்ளும் எந்த ஏற்பாடும் இதில் கிடையாது. ஆகவே, படிப்பானில் ஒரு பட்டியலை உருவாக்கும் மாணவர், எந்த மூலம் நம்பத்தக்கது என்று தீர்மானிக்கும் பயிற்சியைத் தம்மையறியாமலே தொடங்கிவிடுகிறார்.

4. பிற நாட்டு வகுப்பறைகளில் நிகழ்ந்தவை

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஹண்டர்டன் சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் வில் ரிச்சர்ட்சன் இலக்கிய வகுப்பில் ஒரு புதினத்தைப் பாடமாக வைத்தபோது, மாணவரின் வாசிப்புக் குறிப்புகளை வலைப்பதிவில் எழுதச் செய்தார். அப்புதினத்தை எழுதிய சூ மங்க் கிட் மாணவர்களுக்கு அங்கேயே விடை எழுதினார். தம் விடைத்தாளை ஆசிரியர் ஒருவரே படிப்பார் என்றிருந்த மாணவர், புதின ஆசிரியரே தம் எழுத்தைப் படிக்கிறார் என்று அறிந்தனர். ரிச்சர்ட்சன் 2006இல் வெளியிட்ட நூல் வலைப்பதிவையும் செய்தியோடையையும் வகுப்பறையில் கையாளும் முறையை ஆசிரியர்களிடையே பரப்பியது.

கனடாவின் கியூபெக் நகரில் சேன் ழோசெப் பள்ளியின் தொடக்க வகுப்புப் பிள்ளைகள், தலைமையாசிரியர் மரியோ அஸ்லேனின் முயற்சியால் வலைப்பதிவு எழுதினர். 2004இல் கல்வி வலைப்பதிவு பற்றி ஸ்டீபன் டவுன்ஸ் எழுதிய கட்டுரை இப்பள்ளியிலிருந்தே தொடங்குகிறது. ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் பார்மர் 2005இல் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் தனியாக எடுபிளாக்ஸ் சேவையைத் தொடங்கினார்.

இவ்வரிசையின் உச்சம் 2008. கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் சீமென்ஸும் ஸ்டீபன் டவுன்ஸும் நடத்திய ஒரு பாடத்தில் கட்டணம் செலுத்திச் சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 25 பேர். இணையம் வழியாகக் கட்டணமின்றிச் சேர்ந்தவர்கள் 2,200க்கும் மேல். பங்கேற்றவர்கள் தத்தம் வலைப்பதிவில் எழுதினர். அவர்களின் ஓடைகளை ஒரு மென்பொருள் திரட்டி, நாள்தோறும் ஒரே மடலாக எல்லாருக்கும் அனுப்பியது. இன்று காணொளிப் பாடங்களாக அறியப்படும் பெருந்திரள் இணையப் படிப்புகள், தொடக்கத்தில் மாணவரின் எழுத்தையும் செய்தியோடையையும் அடித்தளமாகக் கொண்டே பிறந்தன.

5. தமிழில்: குறியேற்றமும் திரட்டியும்

தமிழ் இணையத்தின் தொடக்கமும் ஓர் ஆசிரியரோடு தொடர்புடையது. சிங்கப்பூரில் ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் விரிவுரையாளராக இருந்த நா. கோவிந்தசாமி 1995இல் தமிழ் எழுத்துகள் தெரியும் இணையப் பக்கத்தை உருவாக்கினார். 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் தமிழ் இணைய மாநாடுகள் நடந்தன. 1998 பொங்கல் நாளில், தமிழ் நூல்களை மின்வடிவில் தரும் மதுரைத் திட்டம் தொடங்கியது. 2001 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கிற்று. அதுவே இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம். பென்சில்வேனியப் பல்கலைக்கழகத்தில் வாசு அரங்கநாதன் இணையவழித் தமிழ்ப் பாடங்களை உருவாக்கினார். கணினித் தமிழின் முதற்கட்டத்தில் கல்வி நோக்கம் வலுவாகவே இருந்தது.

இடராக நின்றது எழுத்துருக் குறியேற்றம். தகுதரம், டாம், டாப், பாமினி, வானவில் என்று ஒவ்வொன்றும் தனித்தனிக் குறியேற்றத்தில் இயங்கின. ஒரு தளத்தின் எழுத்துரு கணினியில் இல்லாவிட்டால் பக்கம் முழுவதும் பொருளற்ற குறிகளாகத் தெரியும். தனிப் பக்கத்தைப் படிக்க எழுத்துருவை இறக்கிக்கொள்ளலாம். ஆனால் நூறு தளங்களின் எழுத்தை ஒரே திரையில் சேர்க்கும் செய்தியோடைக்குப் பொதுக் குறியேற்றம் இன்றியமையாதது. 1991இலேயே தமிழுக்கு ஒருங்குறியில் இடம் கிடைத்துவிட்டது. எனினும் விண்டோஸ் 2000, எக்ஸ்பி இயங்குதளங்களுக்குப் பிறகே அது வீட்டுக் கணினியில் புழங்கத் தொடங்கியது. முகுந்தராஜ் உருவாக்கிய எ-கலப்பையும், சுரதா யாழ்வாணனின் எழுத்துரு மாற்றிகளும் இடைப்பட்ட காலத்தின் பெருந்துணைகள்.

2003இன் தொடக்கத்தில் தமிழில் முதல் வலைப்பதிவுகள் தோன்றின. அதே ஆண்டு தமிழ் விக்கிப்பீடியாவும் தொடங்கியது. 2004 ஆகஸ்டில் காசி ஆறுமுகம் ‘தமிழ்மணம்’ திரட்டியைத் தொடங்கினார். பதிவர்களின் ஓடைகளைத் திரட்டி, அண்மைய இடுகைகளையும் புதிய பின்னூட்டங்களையும் ஒரே பக்கத்தில் அது காட்டியது. 2006இல் ‘தேன்கூடு’ம் பிறகு வேறு திரட்டிகளும் வந்தன. 2007 ஆகஸ்ட் 5 அன்று சென்னைப் பல்கலைக்கழக மெரினா வளாகத்தில் நடந்த பதிவர் பட்டறையில் புதியவர்களுக்கு வலைப்பதிவு தொடங்கக் கற்பித்தனர். புதுச்சேரியில் தமிழ்ப் பேராசிரியர் மு. இளங்கோவன் கல்லூரி கல்லூரியாகச் சென்று தமிழ் இணையப் பயிலரங்குகளை நடத்தினார்.

இங்கே தமிழுக்கே உரிய ஒரு திருப்பம் நேர்ந்தது. ஆங்கில வாசகர் செய்தியோடையைத் தனிப்பட்ட படிப்பானில் கண்டார். தன் பட்டியலைத் தானே அமைத்தார். தமிழ் வாசகர் அதைத் திரட்டி என்னும் பொதுவெளியில் கண்டார். உலகெங்கும் சிதறியிருந்த தமிழர்களைத் திரட்டி ஒரே இடத்தில் கூட்டியது; அது மாபெரும் பணி. ஆனால் அங்கே முன்னே நின்றவை அண்மையில் வந்தவையும் ‘சூடான இடுகை’களும். விவாதம் வளர்ந்த அளவுக்கு, மூலங்களைத் தேர்ந்து தன் பட்டியலை அமைக்கும் பழக்கம் வளரவில்லை. அரசியல் வாதங்களும் கடுமையான பின்னூட்டங்களும் நிறைந்த பக்கத்தைப் பதினான்கு வயதுப் பிள்ளைகள் முன் திறந்து வைக்க ஆசிரியர் தயங்கியதில் நியாயம் இருந்தது.

6. தமிழ்நாட்டுப் பள்ளிகளில்: ஆசிரியர் வலைப்பதிவுகளின் எழுச்சி

பள்ளிக் கல்வியைச் சார்ந்த வலைப்பதிவுகள் தமிழில் பெரும் வளர்ச்சி கண்டன. கல்விச்சோலை, பாடசாலை, கல்விச்செய்தி போன்ற தளங்களை அறியாத ஆசிரியர் தமிழ்நாட்டில் அரிது. அரசாணைகள், இயக்குநரின் செயல்முறைகள், இடமாறுதல் கலந்தாய்வு அறிவிப்புகள், பாடத்திட்டம், மாதிரி வினாத்தாள், மெல்லக் கற்போருக்கான குறிப்பு எல்லாம் அங்கே கிடைத்தன. 2012 ஜூலை 12 அன்று தமிழ்நாட்டில் முதல் ஆசிரியர் தகுதித் தேர்வு நடந்தது. பல இலட்சம் தேர்வர்களுக்கு விடைக்குறிப்பும் பயிற்சி வினாக்களும் தேவைப்பட்டன. இத்தளங்களின் வாசகர் வட்டம் பெருகியதில் அத்தேவைக்குப் பெரும் பங்குண்டு.

இப்பணியின் அருமையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. சென்னையில் கையொப்பமான ஆணை வட்டக் கல்வி அலுவலகம் வந்து, பள்ளிக்கு வந்து, ஆசிரியர் அறைப் பலகையில் ஒட்டப்படும் வரை காத்திருந்த காலத்தை ஆசிரியர்களே தம் சொந்த முயற்சியால் முடித்துவைத்தனர். செஞ்சி வட்டத்தின் ஒதுக்குப்புறத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியருக்கும் சென்னை ஆசிரியருக்கும் ஒரே நேரத்தில் ஒரே தகவல் கிடைத்தது. செய்தியோடையும் இங்கே பெயர் தெரியாமல் உழைத்தது. பிளாகர் பக்கங்களின் ஓரத்தில் பிற தளங்களின் புதிய இடுகைத் தலைப்புகள் தாமாகவே மாறிக்கொண்டிருந்ததும், சந்தா செலுத்தாமலே புதிய இடுகை மின்னஞ்சலில் வந்ததும் ஓடையின் வேலைதான்.

ஆயினும் இத்தளங்களில் மாணவர் பதிவிறக்குபவராகவே இருந்தார். எழுதியவர் ஆசிரியர், படித்தவர் ஆசிரியர், பயன் தேர்வுக்கு. தமிழாசிரியர் நா. முத்துநிலவன் போன்றோர் முன்னின்ற புதுக்கோட்டை கணினித் தமிழ்ச் சங்கம் ஆசிரியர்களைப் பதிவர்களாக்கப் பாடுபட்டது. 2015 அக்டோபர் 11 அன்று அங்கே வலைப்பதிவர் திருவிழாவும் நடந்தது. அங்கும் எழுதுகோலைப் பிடித்தவர் பெரும்பாலும் ஆசிரியரே.

மாணவர் எழுத்துக்குத் தேர்வு முறையில் ஒரு வாயில் திறந்தது உண்மை. 2012–13 கல்வியாண்டில் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தன. நூறு மதிப்பெண்ணில் 40 வளரறி மதிப்பீட்டுக்கும் 60 தொகுத்தறி மதிப்பீட்டுக்கும் ஒதுக்கப்பட்டன. கள ஆய்வு, தொகுப்பேடு, செய்தி சேகரிப்பு ஆகியவற்றுக்கு மதிப்பெண் உண்டு என்றானது. ஆனால் நடைமுறையில் மாணவர் பிரவுசிங் சென்டரில் தலைப்பைச் சொல்லி, ஐந்து பக்கம் பிரிண்ட் எடுத்து, அட்டையில் ஒட்டிக் கொண்டுவருவது வழக்கமாயிற்று. இணையம் வகுப்பறைக்குள் வந்தது. அதனோடு வர வேண்டிய வாசிப்பும் எழுத்தும் வெளியே நின்றுவிட்டன.

7. பொருந்தாத காலங்கள்

காலவரிசையை ஒன்றாக வைத்துப் பார்த்தால் சிக்கலின் வேர் தெரியும். படிப்பான்கள் 2003–2005இல் பரவின. தமிழ்நாடு அரசு மேல்நிலை மாணவர்க்கும் கல்லூரி மாணவர்க்கும் விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தை 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. கூகுள் ரீடர் 2013 ஜூலை 1 அன்று மூடப்பட்டது. இவ்விரு நாள்களுக்கும் இடையே இரண்டு ஆண்டுகூட இல்லை. கருவி செழித்திருந்த காலமும், அதைத் தொடக்கூடிய மாணவரின் கையும் சந்தித்த இடைவெளி அவ்வளவே.

அந்த இடைவெளியும் முழுதாகப் பயன்படும் நிலையில் இல்லை. மடிக்கணினி கிடைத்தது மேல்நிலை வகுப்பில். அங்கே பொதுத்தேர்வின் அழுத்தம் மிகுதி. கணினியோடு இணைய இணைப்பு வரவில்லை. ஒருங்குறியைத் தமிழ்நாடு அரசு ஏற்றது 2010 ஜூன் மாதம், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டித்தான். அதன் பிறகும் நெடுநாள் வினாத்தாள்கள் பாமினியிலும் வானவில்லிலும் தட்டச்சாகிக்கொண்டிருந்தன. தான் தட்டச்சு செய்ததை இணையத்தில் ஏற்ற ஆசிரியருக்கே எழுத்துரு மாற்றி தேவைப்பட்டது.

அடுத்து வந்தது திறன்பேசிக் காலம். ஆசிரியரின் தகவல் பரிமாற்றம் வாட்ஸ்அப் குழுக்களுக்கு மாறியது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது வீட்டுப்பாடமும் அங்கேயே சென்றது. 2018–19இல் புதிய பாடநூல்களில் விரைவுத் துலங்கல் குறியீடுகள் வந்தன. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் 6,029இல் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைக்கும் திட்டம் நிறைவேறியது. 2021 அக்டோபர் 27 அன்று இல்லம் தேடிக் கல்வித் திட்டம் செஞ்சி அமைந்துள்ள விழுப்புரம் மாவட்டத்திலேயே, மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் தொடக்கம் கண்டது. 2022இல் பள்ளிக்கல்வித் துறை ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்களை மாணவர்க்காகவும் ‘கனவு ஆசிரியர்’ இதழை ஆசிரியர்க்காகவும் வெளியிடத் தொடங்கியது.

இவை எல்லாம் தேவையான முயற்சிகள். ஆயினும் பெரும்பாலானவை மேலிருந்து கீழே பாடத்தைக் கொண்டுசேர்ப்பவை. மாணவர் எழுத்துக்கு இடம் தரும் இதழ்களிலும் ஒரு பள்ளியின் பங்கு எப்போதாவதுதான் வரும். கணினியும் இணைப்பும் பள்ளிக்குள் வந்து சேர்ந்தபோது, அவற்றை மாணவரின் எழுத்துக்கும் தேர்ந்த வாசிப்புக்கும் திருப்பும் கருவியைப் பற்றிய பேச்சு பொதுவெளியில் ஓய்ந்துவிட்டிருந்தது.

8. கேரளம் காட்டும் மாற்று வழி

அண்டை மாநிலத்தில் வேறொரு பாதை இருந்தது. கேரளத்தில் ஆசிரியர்கள் சிலர் 2009இல் தொடங்கிய கணித வலைப்பதிவு, நம் ஆசிரியர் தளங்களைப் போலவே தேர்வு உதவியாலும் அறிவிப்புகளாலும் புகழ்பெற்றது. ஆனால் அதே காலத்தில் அம்மாநிலத்தின் ஐடி அட் ஸ்கூல் திட்டம் ‘ஸ்கூல் விக்கி’யைத் தொடங்கியது. ஒவ்வொரு பள்ளியும் தன் வரலாறு, ஊரின் கதை, மாணவர் ஆக்கம் ஆகியவற்றைத் தானே மலையாளத்தில் எழுதிச் சேர்க்கும் பொது இடம் அது. 2018இல் ‘லிட்டில் கைட்ஸ்’ என்னும் தகவல்தொழில்நுட்ப மாணவர் அமைப்பு வந்தபோது, எழுதப் பழகிய ஒரு தலைமுறையும் எழுதுவதற்கான இடமும் அங்கே ஆயத்தமாக இருந்தன.

வேறுபாடு தொழில்நுட்பத்தில் இல்லை. ஆசிரியரின் தனி முயற்சிக்கு அருகிலேயே மாணவர் எழுத்துக்கான பொது இடத்தை அரசு ஏற்படுத்தித் தொடர்ந்து பேணியதில் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆசிரியரின் முயற்சி கேரளத்துக்குக் குறைந்ததன்று. அதற்கு இணையாக எழ வேண்டிய இரண்டாம் தூண் எழவில்லை.

9. செஞ்சி: இன்று செய்யக்கூடியவை

செய்தியோடை இறந்துவிட்டது என்னும் எண்ணம் பரவலாக இருந்தாலும் உண்மை வேறு. பிளாகரும் வேர்ட்பிரஸும் இன்றும் ஓடை தருகின்றன. வலையொலிகள் ஓடையின்மீதே இயங்குகின்றன. இந்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம், பிபிசி தமிழ், தி இந்து ஆகியவற்றுக்கு ஓடைகள் உண்டு. விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு கட்டுரையின் திருத்த வரலாற்றுக்கும் தனி ஓடை இருக்கிறது. பள்ளியின் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் ஒரு கணினி, ஒரு படிப்பான், ஆசிரியர் தேர்ந்த பத்து ஓடைகள், வகுப்புக்கு ஒரு வலைப்பதிவு ஆகியவை போதும். செஞ்சிப் பள்ளி ஒன்றில் இவற்றைக் கொண்டு நடத்தக்கூடிய மூன்று பாடங்களை இங்கே முன்வைக்கலாம்.

முதலாவது, மூலங்களை ஒப்பிடும் பாடம். 1714 அக்டோபரில் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானின் படையோடு போரிட்டு இறந்தார் தேசிங்கு. அவர் ஆட்சி ஓராண்டுகூட நீடிக்கவில்லை. ஆனால் கதைப்பாடலில் அவரும் நண்பர் மோவுத்துக்காரனும் இன்றும் வாழ்கிறார்கள். அதே சாதத்துல்லாகானின் பள்ளிவாசல் பாரசீகக் கல்வெட்டோடு கோட்டைக்குள் நிற்கிறது. சி. எஸ். சீனிவாசாச்சாரி 1943இல் எழுதிய செஞ்சி வரலாறு அண்ணாமலைப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. 1750 செப்டம்பரில் பிரெஞ்சுப் படை செஞ்சியைப் பிடித்த காலத்தில், புதுச்சேரியில் ஆனந்தரங்கம் பிள்ளை நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். வாய்மொழி, கல்வெட்டு, நாட்குறிப்பு, ஆய்வு நூல் ஆகிய நான்கும் ஒரே ஊரைப் பற்றி என்ன சொல்கின்றன, எங்கே வேறுபடுகின்றன என்று மாணவர் எழுதட்டும். தமிழ் விக்கிப்பீடியாவில் செஞ்சிக் கோட்டை பற்றிய கட்டுரையின் திருத்த ஓடையைத் தொடரட்டும். யார் எதை மாற்றினார், சான்று தந்தாரா என்று வாரம் ஒருமுறை வகுப்பில் பேசினால், வரலாறு எழுதப்படும் விதத்தையே அவர்கள் நேரில் காண்பார்கள்.

இரண்டாவது, ஊரைக் கவனிக்கும் பாடம். செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் நெல் வரத்துக்குப் பெயர்பெற்றது. வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்குப் பல மாவட்ட வியாபாரிகள் வருகிறார்கள். நெல் விலையையும் மழையளவையும் குறித்து வைக்கும் பதிவு கணக்கு, புவியியல், பொருளியல், தமிழ் நான்கையும் ஒன்றாக்கும். ஃபெஞ்சல் புயலின்போது 2024 டிசம்பர் 1 காலை வரையிலான 24 மணி நேரத்தில் அண்டையிலுள்ள மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை பதிவானது. தம் பள்ளி மைதானத்து மழைமானியின் அளவைத் தாமே எழுதிவந்த மாணவர்க்கு அந்த எண்ணின் பேரளவு புரியும்.

மூன்றாவது, பள்ளிகளுக்கிடையிலான உறவு. செஞ்சி மாணவர், தொகுப்பின் பிற கோட்டைகளான ராய்கட், பன்ஹாளா ஊர்ப் பள்ளிகளின் பதிவுகளைத் தொடரலாம். அவர்கள் செஞ்சியைத் தொடரலாம். ‘ராஜா கோட்டை’, ‘ராணிக் கோட்டை’ என்று ஊரார் அழைக்கும் மலைகளைப் பற்றித் தமிழ்ப் பிள்ளைகள் எழுதுவதும், இராசாராமின் பயணத்தைப் பற்றி மராத்திப் பிள்ளைகள் எழுதுவதும் ஒன்றையொன்று திருத்தும், நிறைவு செய்யும். பிரெனே நடத்திய பள்ளி மடல் பரிமாற்றத்தின் தொடர்ச்சி இது.

எல்லைகளையும் சொல்ல வேண்டும். 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரின் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. ஆகவே வலைப்பதிவு ஆசிரியரின் பொறுப்பில், வகுப்பின் பெயரில் இருக்க வேண்டும். மாணவரின் முழுப்பெயர், முகம், முகவரி வெளியாகக் கூடாது. பின்னூட்டம் ஆசிரியர் பார்த்த பிறகே வெளிவர வேண்டும். எமிஸ் என்னும் கல்வித் தகவல் தளத்தில் பதிவேற்றுவதிலேயே நேரத்தை இழக்கும் ஆசிரியர்மீது இது மேலும் ஒரு சுமையாக ஏறிவிடக் கூடாது. வளரறி மதிப்பீட்டின் செயல்பாடுகளில் ஒன்றாகவே இதை ஏற்று, அட்டையில் ஒட்டும் ஐந்து பக்கத்துக்கு மாற்றாக ஒரு பக்க இடுகையை வைத்தால் வேலை கூடாது, தரம் கூடும்.

10. முடிவுரை

இவ்வாய்விலிருந்து மூன்று முடிவுகளை எட்டலாம். தமிழ்ச் சூழலில் செய்தியோடையின் பரவலைத் தீர்மானித்தது முதலில் எழுத்துருக் குறியேற்றமே. ஒருங்குறி நிலைபெற்ற பிறகே தொடர்ந்து வாசிக்கும் கருவிகள் தமிழில் இயங்க முடிந்தது. இரண்டாவதாக, தமிழ்நாட்டு ஆசிரியர்கள் வலைப்பதிவைத் திறம்படக் கையாண்டனர். ஆனால் நிருவாகத் தகவலும் தேர்வுத் தேவையும் அதன் இடத்தை முழுதும் நிரப்பிக்கொண்டன. மூன்றாவதாக, கருவி, கணினி, மதிப்பீட்டு முறை ஆகிய மூன்றும் தனித்தனிக் காலத்தில் வந்ததால் மாணவரின் எழுத்துக்கு இடம் அமையவில்லை.

இன்று அம்மூன்றும் முதன்முறையாக ஒரே காலத்தில் கையில் இருக்கின்றன. எல்லாத் திறன்பேசிகளிலும் ஒருங்குறித் தமிழ் இருக்கிறது. பள்ளியில் ஆய்வகம் இருக்கிறது. வளரறி மதிப்பீட்டில் இடம் இருக்கிறது. தேவையோ முன்பைவிட மிகுந்துவிட்டது. யார் எழுதியது என்று தெரியாமல் கைமாறி வரும் பகிர்வுகளிலிருந்து தம் ஊரின் வரலாற்றைக் கற்கும் தலைமுறைக்கு, மூலத்தைத் தேர்ந்து தொடரும் பயிற்சி மொழிப்பாடத்துக்கு இணையான அடிப்படைத் தேவை. பள்ளிக்கல்வித் துறை ஸ்கூல் விக்கியை ஒத்த ஒரு பொது எழுத்திடத்தைத் தமிழில் ஏற்படுத்தி, ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு பக்கமும் ஓர் ஓடையும் தர வேண்டும். அதை விழுப்புரம் மாவட்டத்தில், உலகின் பார்வை திரும்பியிருக்கும் செஞ்சியில் தொடங்குவது பொருத்தம். செஞ்சியைப் பற்றி வெளியூரார் நானூறு ஆண்டுகளாக எழுதிவருகிறார்கள். அவ்வூர்ப் பிள்ளைகள் எழுதும் முறையான, நாள் குறித்த, சான்று காட்டும் பதிவும் அந்த வரலாற்றில் இடம்பெறும் தகுதி உடையது. அதற்கான கருவியைத் தருவது நம் கடமை.